ராஸ்: புல்வெளியில் ஒரு பள்ளிவாசலும் ஒரு மையவாடியும்



அமெரிக்க முஸ்லிம்களின் வரலாறு என்றதும் நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட் போன்ற மாநகரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. மருத்துவராகவும் பொறியாளராகவும் சென்று குடியேறியவர்கள், அவர்கள் எழுப்பிய பெரிய இஸ்லாமிய மையங்கள் ஆகியவற்றையே நாம் பெரிதும் அறிந்திருக்கிறோம். ஆனால் அந்நாட்டில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்று எந்த மாநகரத்திலும் எழவில்லை. இன்றும் நூறு பேர் அளவே வசிக்கும் ஒரு சிற்றூரின் அருகே, கோதுமை வயல்களுக்கு நடுவே, உழவர்களின் கைகளால் அது 1929-இல் எழுந்தது. அவ்வூரின் பெயர் ராஸ். வடக்கு டகோட்டா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மவுன்ட்ரெயில் மாவட்டத்தில் அது இருக்கிறது.

அந்தப் பள்ளிவாசல் எழுந்த கதையும், அது இல்லாமற்போன கதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை. இரண்டாவது கதை நமக்கு இன்னும் அவசியமானது.

நிலமும் பருவமும்

கனடா எல்லைக்குத் தெற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் ராஸ் அமைந்திருக்கிறது. கிழக்கே மைனாட், மேற்கே வில்லிஸ்டன் ஆகிய இரண்டு நகரங்களும் சுமார் 60 மைல் தொலைவில் உள்ளன. மாவட்டத் தலைமையிடமான ஸ்டான்லி, கிழக்கே எட்டு மைல் தொலைவில் இருக்கிறது. பெருந்தொடர் வண்டிப் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் ஊரை ஒட்டிச் செல்கின்றன.

பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாறைகள் விட்டுச் சென்ற மேடு பள்ளங்களே அந்த நிலத்தின் அமைப்பு. பள்ளங்களில் சிறு குட்டைகள்; மேடுகளில் புல்; மண்ணுக்குள் எங்கும் கற்கள். மரங்கள் அரிது. குளிர்காலத்தில் டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதலாக இருக்கும். ஜூன் மாதப் பகல் 16 மணி நேரம் நீளும். பருவத்தின் கடுமையை அறிய 1936-ஆம் ஆண்டின் இரண்டு நாள்களைப் பார்த்தால் போதும். அவ்வாண்டு பிப்ரவரியில் அதே மாவட்டத்தைச் சேர்ந்த பார்ஷல் என்னும் ஊரில் வெப்பநிலை ஃபாரன்ஹீட் அளவில் பூச்சியத்திற்குக் கீழே 60 பாகைக்கு இறங்கியது. ஜூலையில் அம்மாநிலத்தின் ஸ்டீல் என்னும் ஊரில் 121 பாகைக்கு ஏறியது. மாநிலத்தின் குளிருக்கும் வெப்பத்துக்குமான உச்ச அளவுகள் இரண்டும் ஒரே ஆண்டில் பதிவாயின.

இந்தப் புல்வெளி யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடமாக இருந்ததில்லை. மண்டான், ஹிடாட்சா, அரிக்காரா, அசினிபாய்ன் முதலான பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தும் காட்டெருமை வேட்டையாடியும் வந்தனர். அவர்களுள் முதல் மூன்று குலத்தாரின் வழித்தோன்றல்கள் தெற்கே ஃபோர்ட் பெர்தோல்டு ஒதுக்கீட்டு நிலத்தில் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் கைவிட்டுப் போன நிலத்தைத்தான் அமெரிக்க அரசு பின்னர் குடியேறிகளுக்குப் பங்கிட்டது. இதை மறந்துவிட்டுக் குடியேறிகளின் கதையை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

மலையடிவாரத்திலிருந்து புல்வெளிக்கு

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிரியா என்று அழைக்கப்பட்ட நிலப்பரப்பு உஸ்மானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இன்றைய லெபனானின் பெக்கா பகுதியில் உள்ள பீரே, ரஃபீத் போன்ற சிற்றூர்களும் அதற்குள் அடங்கும். அங்கிருந்த மக்கள் சிறு நில உழவர்கள். வரிச்சுமையும், இளைஞர்களை இழுத்துச் சென்ற படைச்சேவையும், பாகம் பிரிந்து பிரிந்து குறுகிய நிலமும் அவர்களை வாட்டின. அமெரிக்கா சென்று பொருள் ஈட்டித் திரும்பியவர்களைப் பார்த்த பிறர் உள்ளத்திலும் ஆசை எழுந்தது.

அவ்வாறு புறப்பட்டவர்களுள் ஒருவர் ஹசன் ஜுமா. 1899-இல் அவரும் அவருடைய மனைவியும் ஊரை விட்டுக் கிளம்பினர். அரசுப் பதிவுகள் அந்த அம்மையாரை மேரி ஜுமா என்று குறிப்பிடுகின்றன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1939-இல், அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் ராஸ் வட்டாரத்து மக்களைச் சந்தித்து அவர்களுடைய வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்தனர். அப்போது மேரி ஜுமாவும் தம் கதையைச் சொன்னார். பள்ளிக்கூடமே சென்றிராத ஓர் உழவர் குலப் பெண்ணின் வாக்குமூலம் இன்று அவ்வட்டார வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக விளங்குகிறது.

பயணத்துக்காகக் கையில் இருந்ததையெல்லாம் அவர்கள் விற்றனர். நிலத்தை ஈடு வைத்து 200 டாலர் கடன் பெற்றனர். இரண்டு பெண் குழந்தைகளை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினர். பெய்ரூட்டிலிருந்து பிரான்சு, அங்கிருந்து கனடாவின் மாண்ட்ரியல், பின்னர் நெப்ராஸ்கா என்று நீண்டது அந்தப் பயணம். பெற்ற குழந்தைகளைப் பிரிந்து கடல் கடந்த அந்தத் தாயின் மனநிலையை, பிழைப்புக்காகக் குடும்பத்தைப் பிரிந்து வாழும் எவரும் விளக்கமின்றி உணர்வர்.

சுமை வியாபாரமும் கலப்பையும்

அக்காலச் சிரியக் குடியேறிகள் பலருக்கும் முதல் தொழில் சுமை வியாபாரம். ஊசி, நூல், துணி, பொத்தான், சீப்பு போன்ற சில்லறைப் பொருள்களை மூட்டை கட்டிக்கொண்டு, கடைத்தெருவே இல்லாத பண்ணை வீடுகளுக்கு நடந்து சென்று விற்பார்கள். சிறிது முதல் சேர்ந்தால் குதிரையும் வண்டியும் வாங்குவார்கள். ஜுமா தம்பதியும் நெப்ராஸ்காவில் குதிரை வண்டியில் வணிகம் செய்தபடியே வடக்கே நகர்ந்து, 1902-இல் மேற்கு வடக்கு டகோட்டாவை அடைந்தனர்.

அங்கே நிலம் கிடைத்தது. 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 21 வயது நிரம்பிய ஒருவர் சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் அரசு நிலத்தைத் தமக்கெனப் பதிவு செய்யலாம். அதில் வீடு கட்டி, ஐந்தாண்டு குடியிருந்து, பயிரிட்டுக் காட்டினால் நிலம் அவருடையதாகும். 1912-இல் இந்தக் காலம் மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டது. பாகம் பிரிந்த சிறு நிலத்தில் வளர்ந்த பெக்கா உழவனுக்கு 160 ஏக்கர் என்பது கற்பனைக்கும் எட்டாத அளவு.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். அல்லது குடிமகனாகும் எண்ணத்தை முறைப்படி அறிவித்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பில், தாம் இதுவரை குடிமகனாக இருந்த நாட்டின் மன்னரைப் பெயர் சுட்டித் துறக்க வேண்டும். உஸ்மானியக் குடிமக்களுக்கு அந்த மன்னர் சுல்தான். முஸ்லிம்களில் பெரும்பாலோருக்கு அவரே கலீஃபாவும்கூட. கையெழுத்திடும் வேளையில் அந்த உழவர்களின் உள்ளத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லவில்லை.

இன்னொரு தடையும் இருந்தது. அன்றைய சட்டம் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டுமே குடியுரிமை பெற வழி வைத்திருந்தது. சிரியர்கள் வெள்ளையரா அல்லரா என்று நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. ஜார்ஜ் டவ் என்னும் சிரியக் கிறித்தவர் தொடுத்த வழக்கில் 1915-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிரியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகே அந்தக் குழப்பம் பெரிதும் தணிந்தது.

நிலம் கிடைத்தபின் உழைப்பு தொடங்கியது. முதலில் கற்களைப் பொறுக்கி ஓரம் சேர்க்க வேண்டும். பின்னர் வேரோடிய புல்தரையைக் கலப்பையால் கீறித் திருப்ப வேண்டும். கோதுமையும் ஆளிவிதையும் அவ்வட்டாரத்தின் முதன்மைப் பயிர்கள். வயல் வேலை ஓய்ந்த நாள்களில் ஹசன் ஜுமா பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவுக்குச் சென்று மீண்டும் சுமை வியாபாரம் செய்தார். 1903-இல் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மேற்கு வடக்கு டகோட்டாவில் பிறந்த முதல் சிரியக் குழந்தை தம் மகனே என்று அந்த அம்மையார் பெருமையுடன் குறிப்பிட்டிருக்கிறார். செய்தி ஊருக்குப் போனது. உறவினரும் அண்டை வீட்டாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். நார்வே நாட்டிலிருந்து வந்த லூத்தரன் கிறித்தவர்களின் பண்ணைகளுக்கு இடையே அரபு மொழி பேசும் முஸ்லிம்களின் பண்ணைகளும் பரவின.

இமாம் இல்லாத ஜமாஅத்

பள்ளிவாசல் கட்டுவதற்கு முன் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர்கள் வீடுகளிலேயே கூடித் தொழுதனர். நோன்பு மாதம் முடிந்ததும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் செல்வதும், விருந்து உண்பதும் நடைபெற்றதை மேரி ஜுமா நினைவுகூர்ந்தார். சம்பளம் பெறும் இமாமை அமர்த்தும் வசதி அவர்களிடம் இல்லை. ஓதத் தெரிந்தவர் முன்னின்று தொழவைக்க, மற்றவர்கள் பின்னின்று தொழும் எளிய ஜமாஅத்தாக அது இருந்தது.

பண்ணைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்தவை. பனிக்காலத்தில் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் செல்வதே பெரும்பாடு. ரமலானோ கோடையில் வந்தால் வேறுவகைச் சோதனை. 1917, 1918 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ரமலான் ஜூன் மாதத்தில் தொடங்கியது. ஆண்டின் மிக நீண்ட பகல்கள் அவை. வயலில் உழவு மாடும் குதிரையும் பூட்டி உழைக்கும் ஒருவர், 16 மணி நேரப் பகலுக்கும் அதற்கு முன் விடியும் நேரத்துக்கும் சேர்த்து நோன்பிருக்க வேண்டும். தொழுகை நேரம் சொல்ல அட்டவணை இல்லை. பாங்கு கேட்க மினாரா இல்லை. வானத்தைப் பார்த்தே அனைத்தும் தீர்மானிக்கப்பட்டிருக்கும்.

1929: நிலத்துக்குள் பாதி மூழ்கிய பள்ளிவாசல்

1920-களின் இறுதியில் ஊரார் ஒன்றுகூடிப் பொதுத் தொழுமிடம் அமைக்க முடிவு செய்தனர். இடம் ஊருக்கு வெளியே, தங்கள் மையவாடியின் அருகில். 1929-இல் கட்டடம் எழுந்தது. குவிமாடமோ மினாராவோ அதில் இல்லை. சுவர்களின் பெரும்பகுதி நிலமட்டத்துக்குக் கீழே இருக்க, மேலே தாழ்ந்த கூரை மட்டும் தெரிந்த நிலவறை போன்ற கட்டடம் அது. தூரத்திலிருந்து பார்ப்பவர் அதைப் பள்ளிவாசல் என்றே எண்ணமாட்டார்.

இதுவே அமெரிக்காவின் முதல் பள்ளிவாசல் என்று சிலர் எழுதுகின்றனர். அதில் சற்று நிதானம் தேவை. டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் 1921-இலேயே ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டது. ஆனால் அது சில ஆண்டுகளிலேயே கைமாறிப் போனது. அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் 1934-இல் கட்டப்பட்ட பள்ளிவாசலே இன்றும் நிலைத்து நிற்பவற்றுள் மிகப் பழையது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ராஸ். முதலிடம் யாருக்கு என்ற கேள்வியைவிட, பெரும் செல்வரோ வெளிநாட்டு உதவியோ இன்றி, விளைச்சலை நம்பி வாழ்ந்த சில குடும்பங்கள் தம் கைப்பொருளால் அதைக் கட்டினர் என்பதே நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

கலைந்த ஜமாஅத்

பள்ளிவாசல் எழுந்த அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது. கோதுமை விலை வீழ்ந்தது. தொடர்ந்து 1930-களின் வறட்சி. 1934-இலும் 1936-இலும் பயிர்கள் கருகின. புழுதி கிளம்பி வானை மறைத்தது. இனம் மதம் பாராமல் எல்லா உழவர்களும் அடிபட்டனர். பலர் நிலத்தை இழந்தனர். பலர் விற்றுவிட்டு நகரங்களுக்குச் சென்றனர்.

அதற்கு முன்பே இன்னொரு கதவு மூடப்பட்டிருந்தது. 1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் சிரியா, லெபனான் பகுதி முழுமைக்கும் ஆண்டுக்கு 100 பேர் என்று வரம்பு விதித்தது. ஊரிலிருந்து மணமகளையோ மணமகனையோ, ஓதிக்கொடுக்கும் ஆலிமையோ அழைத்து வருவது ஏறத்தாழ இயலாததாயிற்று. அங்கே பிறந்த பிள்ளைகள் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்றனர். வீட்டில் அரபு தேய்ந்தது. குர்ஆனைக் கற்பிக்க நிலையான மக்தப் இல்லை. ஊரில் திருமண வயதை எட்டியவர்களுக்கு முஸ்லிம் துணை கிடைப்பது அரிதாயிற்று. அண்டைக் கிறித்தவக் குடும்பங்களில் மணம் முடித்தனர். அவர்களுடைய பிள்ளைகள் பலர் தேவாலயத்துக்குச் சென்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் வேலை தேடி வெளியேறியதும் தொழுகை வரிசை குறைந்துகொண்டே வந்தது.

இதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியதில்லை. அவர்களை எவரும் வாள்முனையில் மதம் மாற்றவில்லை. பள்ளிவாசலை எவரும் பகைமையால் பூட்டவில்லை. நல்ல அண்டை வீட்டாராக, ஊராரின் நன்மதிப்பைப் பெற்றவர்களாகவே அவர்கள் வாழ்ந்தனர். முதல் தலைமுறை உழைத்தது, கட்டியது, தொழுதது. ஆனால் தான் அறிந்திருந்த மார்க்கத்தை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கும் ஏற்பாடு அதனிடம் இல்லை. அந்த வறுமையிலும் தனிமையிலும் அப்படியோர் ஏற்பாட்டைச் செய்திருக்க முடியுமா என்பதும் நாம் எளிதில் விடை சொல்லிவிட முடியாத கேள்வி.

நீண்ட காலம் பயனின்றிக் கிடந்த கட்டடம் 1979-இல் இடிக்கப்பட்டது. எழுப்பிய ஐம்பதாம் ஆண்டில் அது மண்ணோடு மண்ணாயிற்று.

மையவாடி காத்த நினைவு

பள்ளிவாசல் போன பிறகும் மையவாடி இருந்தது. பிறை நட்சத்திரம் தாங்கிய இரும்பு வளைவு அதன் வாயிலில் நிற்கிறது. முதல் குடியேறிகளும், அவர்தம் பிள்ளைகளும், அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர்களும் அங்கே அடக்கப்பட்டுள்ளனர். வேறு மாநிலங்களுக்குச் சென்றுவிட்ட குடும்பத்தாரும் தம் பெற்றோரின் கப்ருகளைக் காண அவ்வப்போது வந்தனர். அந்த வருகைகளே ஊரின் நினைவை அறுந்துபோகாமல் வைத்திருந்தன.

அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டியின் உள்ளத்தில், தம் முன்னோர் தொழுத இடத்தில் மீண்டும் ஒரு பள்ளிவாசல் எழ வேண்டும் என்ற ஆசை இருந்தது. அது நிறைவேறும் முன்பே அவர் காலமானார். குடும்பத்தார் முயற்சியைக் கைவிடவில்லை. ஊரின் கிறித்தவ நண்பர்களும் துணை நின்றனர். 2005-இல் ஏறத்தாழ 15 அடிச் சதுரத்தில், சிறு குவிமாடமும் நான்கு மூலைகளில் நான்கு சிறு மினாராக்களும் கொண்ட ஒரு பள்ளிவாசல் அங்கே எழுந்தது. ஐவேளை ஜமாஅத்துக்கு அங்கே ஆளில்லை. வழிப்போக்கர்கள் நின்று இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுச் செல்கின்றனர். மையவாடி 2018-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் இடம்பெற்றது. சிரியர்களின் மையவாடி அங்கே அசிரியர்களின் மையவாடி என்ற பெயரில் பதிவாகியிருப்பது வரலாற்றின் சிறு விசித்திரம். யார் என்று சரியாக அறியப்படாமலே வாழ்ந்து மறைந்த மக்களுக்குப் பெயரும் சற்றுப் பிசகியே அமைந்துவிட்டது.

2006-க்குப் பிறகு மவுன்ட்ரெயில் மாவட்டத்தின் நிலத்தடிப் பாறைகளிலிருந்து எண்ணெய் பெருமளவில் எடுக்கப்பட்டது. அமைதியான வயல்வெளிச் சாலைகளில் சரக்கு லாரிகள் நிறைந்தன. பல நாடுகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். அந்தப் பரபரப்புக்கு நடுவிலும் மையவாடியும் சின்னஞ்சிறு பள்ளிவாசலும் புல்வெளியில் அமைதியாக இருக்கின்றன.

நமக்கான கேள்வி

நம் குடும்பங்களிலும் இன்று யாரேனும் ஒருவர் தொலைதூரத்தில் வசிக்கிறார். பள்ளிவாசல் இல்லாத ஊரில் வேலை, பத்து முஸ்லிம் குடும்பம்கூட இல்லாத நகரில் படிப்பு என்பது புதிய செய்தியன்று. அவர்களிடம் இன்று காணொளி வகுப்புகள் உண்டு, தொழுகை நேரம் காட்டும் கைப்பேசி உண்டு, ஆண்டுக்கொரு முறை ஊர் திரும்ப விமானம் உண்டு. ராஸ் உழவர்களிடம் இவற்றில் எதுவும் இல்லை. இருந்தும் அவர்கள் ஒரு தலைமுறைக் காலம் தொழுகையையும் நோன்பையும் பனியிலும் புழுதியிலும் காத்தனர்.

இத்தனை வசதி நம்மிடம் இருக்கும்போது, நம் பேரப்பிள்ளைகள் எதை அறிந்தவர்களாக வளர்வார்கள் என்று ராஸ் நம்மைக் கேட்கிறது. பள்ளிவாசல் கட்டப் பொருள் திரட்டும்போது காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கையேனும், அதனுள் நின்று தொழப்போகும் பிள்ளைக்கு ஓதிக்கொடுப்பதில் நாம் காட்டுகிறோமா? மாலையில் அரை மணி நேரம் குழந்தையை அருகில் அமர்த்தி ஓதவைப்பதும், தாத்தா பாட்டியின் கதையைச் சொல்வதும், ஜனாஸாவுக்கும் கப்ரு ஸியாரத்துக்கும் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வதும் செலவில்லாத செயல்கள். ராஸில் கடைசிவரை நினைவைக் காத்தவை இத்தகைய சிறு செயல்களே.

பெற்ற குழந்தைகளைப் பிரிந்து கடல் கடந்து, கற்களைப் பொறுக்கி வயலாக்கி, நிலத்தைத் தோண்டித் தொழுமிடம் அமைத்த அந்த மக்களின் நற்செயல்களை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அவர்களுடைய கப்ருகளை ஒளிமயமாக்குவானாக. நம் சந்ததிகளைத் தொழுகையை நிலைநாட்டுவோராக ஆக்குவானாக. ஆமீன்.